நோன்பும் தன்னொறுத்தலும்: கத்தோலிக்கர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கான சட்டத்தை ஒட்டியவை. சீரோ-மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் திருச்சபையின் நோன்பு ஒழுங்கையே பின்பற்ற வேண்டும். பெரும்பாலும் அது இதைவிடக் கடுமையானது. இன்றைய இலத்தீன் சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதற்கு மேல் செய்வதை ஆன்ம குருவிடம் கேட்டுச் செய்ய வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்வதால் வருகின்றன.

ஒருசந்தி, சுத்தபோசனம், ஒறுத்தல் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒருசந்தி உணவின் அளவைக் குறைப்பது. அன்று ஒரே ஒரு முழு உணவுதான். சுத்தபோசனம் உணவின் வகையை விலக்குவது. அன்று இறைச்சி கிடையாது, அளவுக்குத் தடையில்லை. ஒறுத்தல் இவற்றைவிடப் பரந்தது. நாக்கு, கண், தூக்கம், பேச்சு, வசதி, சொந்த விருப்பம் என எதையும் கடவுளுக்காக மனமுவந்து மறுப்பது அதில் அடங்கும். பேச்சுவழக்கில் மூன்றையும் ‘நோன்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். அதனால்தான் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்த்தவர் ‘ஒருசந்தி இருந்தேன்’ என்கிறார். பெரிய வெள்ளியன்று இறைச்சி மட்டும் உண்ணாமல் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டவரும் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்.

எந்தெந்த நாட்கள் கட்டாயம்?

உயிர்ப்பு விழாவுக்கு முன்வரும் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்தே கடமை. இவை தவிர, ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை, அல்லது ஆயர் பேரவை குறிப்பிடும் வேறோர் உணவைத் தவிர்க்க வேண்டும் என்பது பொதுச் சட்டம். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1249 முதல் 1253 வரையுள்ள எண்களில் இந்த ஒழுங்கு முழுவதும் இருக்கிறது. ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

1253ஆம் எண் ஆயர் பேரவைகளுக்கு ஓர் உரிமை தருகிறது. தங்கள் நாட்டில் சுத்தபோசனத்துக்குப் பதிலாக வேறு தவமுயற்சிகளை, குறிப்பாக அன்புப் பணிகளையும் பக்தி முயற்சிகளையும் அவை அனுமதிக்கலாம். இதனால் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். உங்கள் நாட்டில் எது நடைமுறை என்பதைப் பங்குத்தந்தையிடமோ மறைமாவட்ட அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

‘தவக்கால வெள்ளி மட்டும்தான், மற்ற வெள்ளிகளில் ஒன்றுமில்லை’ என்று பலர் சொல்வது பாதிதான் சரி. மற்ற வெள்ளிகளில் இறைச்சி உண்ண அனுமதி உள்ள நாடுகளிலும் வெள்ளிக்கிழமை தவநாளாகவே நீடிக்கிறது. ஆண்டவர் இறந்த நாள் அது. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்த திதாக்கே என்ற நூலே கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பிருக்கச் சொல்கிறது. இறைச்சி உண்பீர்களானால் வேறு ஏதாவது ஒன்றை அந்த நாளுக்கென்று வையுங்கள்: ஒரு நோயாளியைச் சந்திப்பது, சிலுவைப்பாதை, பிடித்த ஒன்றை விடுவது. ஒன்றுமே வைக்காத வெள்ளி, சட்டம் எதிர்பார்க்கும் வெள்ளி அல்ல.

யாருக்குக் கடமை?

சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. மேல் வயது வரம்பு கிடையாது. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை, அதாவது 59 நிறையும்வரை. சட்டப்படி பிறந்த நாள் கணக்கில் சேராது. எனவே 18ஆம் பிறந்த நாளுக்கு மறுநாளிலிருந்து கடமை தொடங்குகிறது.

வயது வராத பிள்ளைகளைத் தவத்தின் உண்மையான பொருளில் வளர்க்கும் பொறுப்பை அதே சட்டம் பெற்றோரிடமும் அருள்பணியாளர்களிடமும் ஒப்படைக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையைப் பட்டினி போடுவது அதற்கு வழியல்ல. தின்பண்டம் ஒன்றை விட்டுக்கொடுத்து, அந்தக் காசைத் தன் கையாலேயே ஏழைக்குக் கொடுக்கும் பிள்ளை நோன்பைப் புரிந்துகொள்ளும்.

ஒருசந்தி நாளில் எவ்வளவு சாப்பிடலாம்?

ஒரு முழு உணவு. அதோடு காலையும் மாலையும் கொஞ்சம் உணவு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரி 17இல் வெளியிட்ட தவ ஒழுங்குச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதை அந்தந்த இடத்து நல்வழக்கத்துக்கு விட்டுவிடுகிறது. பல நாடுகளில் வழங்கும் அளவுகோல் எளிமையானது: இரண்டு சிறு உணவுகளையும் சேர்த்தாலும் ஒரு முழு உணவுக்குச் சமமாகக் கூடாது.

எடை போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பழைய அறநெறி ஆசிரியர்கள் காலைச் சிற்றுணவுக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 60 கிராம் என்றும், மாலைக்கு எட்டு அவுன்ஸ், ஏறத்தாழ 230 கிராம் என்றும் சொல்லிவந்தார்கள். இன்று அந்த எடை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘கொஞ்சம்’ எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை அது கண்முன் காட்டுகிறது.

முழு உணவை மதியம் வைத்துக்கொள்வதா இரவிலா என்பது உங்கள் விருப்பம். உடலுழைப்பு உள்ளவர்களுக்கு மதியமே நல்லது. இரவுக்குத் தள்ளிவைப்பவர்கள் நாள் முழுவதும் சேர்ந்த பசியை ஒரே அமர்வில் தீர்க்கிறார்கள். வயிறு உப்பி, தூக்கம் கெட்டு, நோன்பின் பயனும் போய்விடுகிறது. ஒருசந்திக்கு முந்தின இரவு ‘நாளைக்குச் சேர்த்து’ உண்பதும் இதே தவறுதான். முழு உணவு என்பது வழக்கமான ஒரு வேளை உணவு, அவ்வளவே.

இடையில் தேநீர், பழச்சாறு குடிக்கலாமா?

வேளைகளுக்கு இடையில் திட உணவு கூடாது. தண்ணீர், தேநீர், காப்பி, பழச்சாறு ஒருசந்தியை முறிக்காது. பானம் நோன்பை முறிப்பதில்லை என்பது பழைய அறநெறிக் கோட்பாடு. உணவுக்குப் பதிலாகவே தயாரிக்கப்படும் கெட்டியான சத்துப் பானங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை பெயருக்குத்தான் பானம்.

தண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள். தலைவலி வருபவர்களில் பலருக்கு, பசியைவிடக் காப்பியைத் திடீரென நிறுத்தியதுதான் காரணம். காப்பியை விடுவதையும் தவமாக எடுத்துக்கொண்டால், திருநீற்றுப் புதனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

எது இறைச்சி? மீன், முட்டை, குழம்பு?

நிலத்தில் வாழும் பாலூட்டிகள், பறவைகள் ஆகியவற்றின் சதை இறைச்சி. ஈரல் முதலான உள்ளுறுப்புகளும் அப்படியே. மீன், நண்டு, இறால் இறைச்சியில் சேராது. முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, விலங்குக் கொழுப்பில் செய்த தாளிப்புப் பொருட்கள் ஆகியவற்றை 1966ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

இறைச்சிச் சாறு பற்றி வாதம் உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இறைச்சியோடு அதன் சாற்றையும் தடை செய்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் இறைச்சியை மட்டுமே பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆகவே துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் உண்பவர் சட்டத்தின் எழுத்தை மீறினார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வேலையைச் செய்யாமலிருப்பதே நல்லது. விலை உயர்ந்த கடலுணவை வரவழைத்து வெள்ளிக்கிழமையை விருந்தாக்குவதும் இத்தகையதே. எழுத்து காப்பாற்றப்படுகிறது, ஆனால் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் எப்போதும் சைவம்தான். எனக்கு வெள்ளிக்கிழமை என்ன?

இறைச்சித் தடையை நீங்கள் தானாகவே நிறைவேற்றிவிடுகிறீர்கள். சட்டம் உங்களிடம் வேறோர் உணவைத் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் மனம்மாறித் தவம் செய்யும் கடமை எல்லா நம்பிக்கையாளருக்கும் கடவுளின் சட்டத்தாலேயே உண்டு என்று 1249ஆம் எண் சொல்கிறது. உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெள்ளிதோறும் விடுங்கள். இனிப்பு, சிற்றுண்டி, உணவின் மேல் சேர்க்கும் சுவையூட்டிகள் என ஏதாவது. வாரத்துக்கு வாரம் மாற்றாமல் ஒன்றையே வைத்துக்கொண்டால் மறதி குறையும்.

வெள்ளிக்கிழமையில் பெருவிழா வந்தால்?

பெருவிழா என்பது திருநாட்களில் மிக உயர்ந்த தரம். அன்று சுத்தபோசனம் இல்லை. கிறிஸ்து பிறப்பு, மார்ச் 19 புனித யோசேப்பு, மார்ச் 25 ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பு போன்றவை வெள்ளியன்று வந்தால் இப்படி. இயேசுவின் திருஇதயப் பெருவிழா எப்போதும் வெள்ளியில்தான் வரும். அன்றும் தடை இல்லை. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாட்களான பாஸ்கா எண்கிழமையின் வெள்ளியும் பெருவிழாவுக்கு நிகராகக் கொண்டாடப்படுகிறது. ‘விழா’, ‘நினைவு’ என்ற தரத்தில் உள்ள நாட்களுக்கு இந்த விலக்கு கிடையாது.

தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே?

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாட்கள். இவற்றில் ஆறு ஞாயிறுகள். ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது, மீதி 40. ஞாயிறன்று தவ வேடத்தில் நோன்பிருந்தவர்களை 4ஆம் நூற்றாண்டில் கங்கிரா சங்கம் (கங்கிரா நகரில் கூடிய ஆயர்களின் கூட்டம்) கண்டித்தது.

அப்படியானால் தவக்காலத்துக்கென்று விட்ட ஒன்றை ஞாயிறன்று எடுத்துக்கொள்ளலாமா? எடுத்துக்கொள்ளலாம், அது உங்கள் சொந்த முடிவு. ஆனால் நீங்கள் விட்டது ஒரு கெட்ட பழக்கத்தை என்றால் ஞாயிறு அதற்கு விடுமுறை அல்ல. பொய்யையும் புறணியையும் விட்டவர் ஞாயிறன்று மட்டும் அவற்றை எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

புனித சனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய வெள்ளியின் பாஸ்கா நோன்பை, முடிந்தால் சனிக்கிழமையும் தொடரும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் விரும்பியது. இது கட்டாயம் இல்லை. உடல் இடம் கொடுப்பவர்கள் அன்றிரவு நடக்கும் உயிர்ப்பு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புவரை நோன்பைத் தொடர்ந்து பாருங்கள். அந்த இரவின் முதல் அல்லேலூயாவுக்குப் பசியோடு காத்திருப்பதற்கு ஈடான ஆயத்தம் வேறில்லை.

மறந்துபோய் இறைச்சி சாப்பிட்டுவிட்டேன். பாவமா?

மறதி பாவமல்ல. நினைவு வந்ததும் நிறுத்துங்கள்; அந்த நாளின் மீதியைக் கடைப்பிடியுங்கள். ‘ஒரு வேளை போயிற்று, இனி எல்லாம் ஒன்றுதான்’ என்று நாள் முழுவதையும் விட்டுவிடாதீர்கள்.

தவநாட்களைச் சாரமாகக் கடைப்பிடிப்பது கனமான கடமை என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இது ஒவ்வொரு நாளையும் தனித்தனியே எடுத்துச் சொல்வதல்ல, ஒழுங்கு முழுவதையும் பற்றியது என்று உரோமை பின்னர் விளக்கியது. அவமதிப்பாகவோ, ஆண்டு முழுவதும் கண்டுகொள்ளாமலோ விடுவது கனமானது. போதிய காரணம் இருந்து ஒரு நாள் விடுபட்டால் அது வேறு. ஏழைக்குக் கிடைப்பதே அந்த ஒரு சாப்பாடுதான் என்றால் அவருக்கு இந்தச் சட்டம் எந்தச் சுமையையும் ஏற்றவில்லை.

முக்கியமான குடும்ப நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை. என்ன செய்வது?

பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நியாயமான காரணத்துக்காக, தனிப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ விலக்கு அளிக்கவும், வேறொரு பக்தி முயற்சியாக மாற்றிக் கொடுக்கவும் 1245ஆம் எண் அவருக்கு அதிகாரம் தருகிறது. முன்கூட்டியே கேட்க வேண்டும். நீங்கள் விருந்தினராகப் போன இடத்தில், மறுத்தால் வீட்டார் மனம் உண்மையிலேயே புண்படும் என்றால், அன்பின் பொருட்டு உண்டுவிட்டு அந்தத் தவத்தை வேறு நாளில் செய்வது சிறிய குற்றம்கூட ஆகாது. ஆனால் வாரந்தோறும் இப்படி ஒரு வீடு அமையுமானால், அன்பு என்று சொல்லிக்கொள்வதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

யார் நோன்பிருக்கவே கூடாது?

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், நோயாளிகள், நோயிலிருந்து தேறிவருபவர்கள், கடும் உடலுழைப்பில் நோன்பிருந்தால் தவறி விழும் ஆபத்து உள்ளவர்கள். இவர்களை ஒருசந்தி கட்டாது. இதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை.

நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையையும் தள்ளிப்போடாதீர்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் தெரிந்தால் உடனே இனிப்பாக ஏதாவது உட்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் வேளை தவறாமல் மருந்தோடு உணவு எடுக்க வேண்டியவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

உணவைப் பார்த்தாலே குற்ற உணர்வு வருகிறவர்கள், தங்களை வருத்தும் அளவுக்கு எடையைப் பற்றி நினைப்பவர்கள், முன்பு உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றவர்கள்: இவர்களிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு உணவு சார்ந்த ஒறுத்தல் வேண்டவே வேண்டாம். மருத்துவர் சொன்ன உணவைச் சொன்ன நேரத்தில் கீழ்ப்படிந்து உண்பதே உங்கள் தவம். அது மற்றவர்களின் பட்டினியைவிடக் கடினமானது என்பது கடவுளுக்குத் தெரியும். தவம் செய்ய விரும்பினால் பேச்சு, நேரம், பணம் ஆகியவற்றில் தேடுங்கள்.

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் எதிலிருந்து எதுவரை?

நற்கருணை உட்கொள்ளும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல. ஞாயிறு 7 மணித் திருப்பலியில் 7.45க்கு நற்கருணை என்றால், 6.45க்குள் உண்டு முடித்திருக்க வேண்டும். வாரநாள் திருப்பலி குறுகியது. 25 நிமிடத்திலேயே நற்கருணை வந்துவிடும். ‘திருப்பலிக்கு அரை மணி முன்னர் சாப்பிட்டேன், போதும்’ என்ற கணக்கு தவறுவது அங்கேதான்.

தண்ணீரும் மருந்தும் எப்போதும் தடையில்லை. முதியோரும் நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் ஒரு மணி நேரத்துக்குள் உண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் (919ஆம் எண்). முன்பு நள்ளிரவிலிருந்தே எதுவும், தண்ணீர்கூட, கூடாது. 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தண்ணீரை அனுமதித்தார்; 1957இல் திட உணவுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தார்; 1964இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாக்கினார்.

கடவுள் தந்த உணவை ஏன் மறுக்க வேண்டும்? உடல் கெட்டது என்று திருச்சபை நினைக்கிறதா?

இல்லவே இல்லை. இறைச்சியே தீட்டு, படைக்கப்பட்ட பொருளே தீமை என்று சொன்னவர்களைத் திருச்சபை ஆரம்பத்திலிருந்தே கண்டித்திருக்கிறது. மேலே சொன்ன அதே கங்கிரா சங்கம், பக்தியோடு இறைச்சி உண்பவரைக் குற்றம் சொல்கிறவர்களையும் சபித்தது. கெட்டதை விடுவது வெறும் கடமை. நல்லது என்று தெரிந்தே, அதைவிட நல்லவருக்காக அதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைப்பதுதான் நோன்பு.

இறையியலாளர் புனித தோமா அக்குவினாசு (1225–1274) மூன்று காரணங்கள் சொல்கிறார். உடலின் ஆசைகளை அடக்குவது. மேலானவற்றை நோக்கி மனத்தை எழுப்புவது. பாவங்களுக்குப் பரிகாரம் செய்வது. முதல் காரணத்தை எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவதை மறந்துவிடுகிறோம். உண்ட மயக்கத்தில் செபிப்பதற்கும் வெறும் வயிற்றோடு செபிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே காலைப்பொழுதில் உணர முடியும்.

நான்காவதாக ஒன்று நற்செய்தியிலேயே இருக்கிறது. மணமகன் பிரியும் நாட்களில் தம் சீடர் நோன்பிருப்பர் என்றார் இயேசு (மத்தேயு 9:15). இது ஏக்கத்தின் பசி. இந்த அன்பு இல்லாமல் மற்ற மூன்றும் வறண்டுபோகும்.

தவக்காலத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் அதிகம் பிழைகள் நடக்கின்றன. பெரிதாக மூன்று நான்கு தீர்மானங்கள் எடுத்து, இரண்டாம் வாரத்திலேயே எல்லாம் உதிர்ந்து, உயிர்ப்பு ஞாயிறன்று தோல்வி உணர்வோடு நிற்பவர்கள் ஏராளம்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஒரு பயனுள்ள வேறுபாட்டைக் காட்டுகிறார். தேவைக்கு மிஞ்சியதை நீக்குவது தவம் அல்ல, அது மட்டான வாழ்வு. நமக்குத் தகுந்த அளவிலிருந்தே கொஞ்சம் குறைத்தால்தான் அது தவம். உடல் கெடாமலும் நோய் வராமலும் இருக்கும்வரை. தூக்கத்துக்கும் இதே விதி: சொகுசைக் குறைப்பது தவமல்ல. இந்தக் கோலால் அளந்தால், நம்மில் பலர் தவம் என்று பெயரிட்டுச் செய்வது ஆண்டு முழுவதும் செய்திருக்க வேண்டியதுதான் என்று தெரியவரும். பரவாயில்லை, அங்கிருந்தே தொடங்கலாம்.

தேர்வுக்கு ஒரு வழி: உணவில் ஒன்று, நேரத்தில் ஒன்று, பணத்தில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் ‘செய்தேனா, இல்லையா’ என்று இரவில் ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி வையுங்கள். ‘குறைவாகக் கைப்பேசி பார்ப்பேன்’ என்பது தீர்மானம் ஆகாது. ‘இரவு 9 மணிக்கு மேல் கைப்பேசியைத் தொட மாட்டேன், அந்த நேரத்தில் 15 நிமிடம் நற்செய்தி வாசிப்பேன்’ என்பது தீர்மானம். காலி செய்த நேரத்தில் எதை வைப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய பழக்கம் அதே இடத்துக்குத் திரும்பிவிடும்.

பின் அதை ஒரு தாளில் எழுதி, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமோ ஆன்ம வழிகாட்டியிடமோ காட்டுங்கள். புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில், தவக்காலத்தில் ஒவ்வொருவரும் வழக்கத்துக்கு மேல் ஏதாவது ஒன்றைத் தூய ஆவியின் மகிழ்ச்சியோடு கடவுளுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். உடனேயே, ஆதீனத் தலைவரின் அனுமதி இல்லாமல் செய்வது வீண்பெருமையாகத்தான் எண்ணப்படும் என்றும் சேர்க்கிறார். கேட்டுச் செய்யும்போது சொந்த விருப்பமும் சேர்த்தே பலியாகிறது. பெரும்பாலும் வழிகாட்டி உங்கள் பட்டியலில் பாதியை அடித்துவிடுவார். அதுதான் அவர் செய்யும் உதவி.

மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது?

உங்களுடையது அல்ல, ஏழையுடையது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ஹெர்மாஸின் நூல் ஒரு நடைமுறையைச் சொல்கிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் உண்டு, அன்று உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடு.

இன்றும் இதை அப்படியே செய்யலாம். விட்ட உணவின் விலையை அன்றே ஓர் உறையில் போடுங்கள். ‘கடைசியில் மொத்தமாகக் கொடுக்கலாம்’ என்றால் அந்தப் பணம் குடும்பச் செலவில் கலந்துவிடும். கொடுக்காத நோன்பு சிக்கனம் ஆகிவிடுகிறது. பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வதுதான் எனக்குப் பிடித்த நோன்பு என்று எசாயா 58ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசுவதைத் திருநீற்றுப் புதனன்று ஒருமுறை முழுவதுமாக வாசித்துவிடுங்கள்.

பசி எடுக்கும்போது என்ன செய்வது?

செபிக்க வேண்டும். பசிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லுங்கள்; புதிதாக எதையும் தேட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட ஆளுக்காக நோன்பை ஒப்புக்கொடுத்தால் இது எளிதாகிறது, பசி அவர் பெயரை நினைவூட்டும். விட்ட வேளையின் 20 நிமிடத்தை வேலைக்குக் கொடுத்துவிடாமல் சங்கீதம் அல்லது செபமாலைக்குக் கொடுங்கள்.

நோன்பு நாளில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வீட்டில் எல்லாரும் தவிக்கிறார்கள்.

மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, உடல்: தண்ணீர் போதாது, தூக்கம் போதாது, முந்தின நாளே அதிகம் உண்டது. இவற்றைச் சரிசெய்தால் பாதி குறையும். இரண்டு, அளவு: உங்கள் நிலைக்கு மேற்பட்டதை எடுத்திருக்கிறீர்கள். கடமையான ஒருசந்தியைச் சட்டம் சொன்ன அளவில் மட்டும் இருங்கள், கூடுதலானதை விட்டுவிடுங்கள். மூன்று, உள்ளம்: ‘நான் தவம் செய்கிறேன், நீங்கள் அமைதியாக இருக்கக் கூடாதா’ என்ற எண்ணம். நோன்பு நாளிலும் வழக்குக்கும் வாதுக்கும் முஷ்டியால் குத்துவதற்குமே நோன்பிருக்கிறீர்கள் என்று எசாயா கடிந்ததும் இதைத்தான். அப்படியானால் அன்றைய தவத்தை நாக்குக்கு மாற்றுங்கள்: கோபமாகப் பதில் சொல்லத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள்.

எடையைக் குறைக்கவும் நோன்பு உதவுமே. இரண்டையும் சேர்க்கலாமா?

எடை குறைந்தால் குறையட்டும், பாவமில்லை. ஆனால் காலையில் எடை பார்க்கும் கருவியில் நின்று தொடங்கும் நோன்பு, நாள் முழுவதும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். தவக்காலம் முடியும்வரை எடை பார்க்காதீர்கள். மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டைத் தனியாகவும், கடவுளுக்கான நோன்பைத் தனியாகவும் வைத்துக்கொள்வதே தெளிவு.

யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார் இயேசு. வீட்டாருக்குத் தெரியாமல் எப்படி?

பார்வைக்காகச் செய்வதைத்தான் மத்தேயு 6ஆம் அதிகாரம் தடுக்கிறது. சமைப்பவருக்குச் சொல்வது மரியாதை. சொல்லாமல் தட்டைத் தள்ளிவைப்பது அவருக்குத் துன்பம். வெளியார் கேட்டால் ‘இன்று வேண்டாம், நன்றி’ என்பது போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை, விளக்கம் தர வேண்டியதும் இல்லை. திருச்சபை முழுவதும் சேர்ந்து இருக்கும் நோன்பு நாட்களை மறைக்க அவசியமே இல்லை. மறைக்க வேண்டியது நீங்களாகக் கூட்டிக்கொண்டதைத்தான்.

நோன்பு இல்லாத நாட்களில் தன்னொறுத்தலுக்கு என்ன வழி?

தம்மையே மறுத்து, நாள்தோறும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்பற்ற வேண்டும் என்கிறது லூக்கா 9:23. ‘நாள்தோறும்’ என்பதால் இது பெரிய செயல்களாக இருக்க முடியாது.

உண்பதிலேயே தொடங்கலாம். பெருந்தீனி என்பது அளவு மட்டும் அல்ல. வேளைக்கு முன்பே உண்பது, விலை உயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மிஞ்சுவது, பரபரப்போடு விழுங்குவது, பக்குவத்தில் நுணுக்கம் பார்த்துக்கொண்டே இருப்பது என ஐந்து வழிகளைப் திருத்தந்தை பெரிய கிரகோரியாரைப் பின்பற்றித் தோமா எண்ணுகிறார். உங்களுக்குரியது எது என்று பார்த்து அதற்கு எதிரானதைச் செய்யுங்கள். பலருக்கு ஐந்தாவதுதான்: உணவைக் குறை சொல்லாமல் ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

இஞ்ஞாசியார் தரும் இன்னொரு நுட்பம் மிகவும் நடைமுறையானது. உண்டு முடித்து, பசியே இல்லாத நேரத்தில் அடுத்த வேளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்துகொள்; பசி வந்தபின் அந்த அளவைக் கூட்டாதே. பசி பேசத் தொடங்குமுன் நிதானம் பேசிவிட வேண்டும்.

உணவுக்கு வெளியே: எழும் நேரத்தில் உடனே எழுவது, பேசுபவரை இடைமறிக்காமல் கேட்பது, தன்னைப் பற்றிய பேச்சைக் குறைப்பது, வெயிலையும் நெரிசலையும் முறையிடாமல் தாங்குவது. துணி துவைக்கும்போது எதிரே இருந்த துறவறச் சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்க வைத்தபோது, கார்மேல் மடத்துத் துறவி குழந்தை தெரேசா விலகாமல் நின்று அதை ஏற்றார். நாம் தேர்ந்தெடுக்காத ஒறுத்தல்கள், தேர்ந்தெடுத்தவற்றைவிட ஆழமாக வேலை செய்கின்றன.

நீண்ட நாள் உபவாசம், அப்பமும் தண்ணீரும் மட்டும், உடலை வருத்தும் கருவிகள்: இவை?

தனியாக முடிவு செய்யாதீர்கள். வாரத்தில் ஒருநாள் அப்பமும் தண்ணீரும் என்பது உடல்நலமுள்ள வயதுவந்தவருக்குப் பொதுவாகத் தாங்கக்கூடியதுதான். அதையும் வழிகாட்டியிடம் சொல்லித் தொடங்குங்கள். பல நாள் முழுப்பட்டினியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். நாட்கணக்கில் உண்ணாதவர் திடீரென நிறைய உண்டால் இரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அளவு மீறிய நோன்பும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே கேட்டில்தான் முடிகின்றன என்று பாலைவனத் தந்தையரின் (பழங்கால எகிப்தியத் துறவிகளின்) படிப்பினையைப் பதிவுசெய்த யோவான் காசியன் எச்சரிக்கிறார். மிகையாகப் பட்டினி கிடந்தவர் பலவீனத்தால் சில வாரங்களில் கட்டுப்பாடின்றி உண்ணத் தொடங்குவார். ஸ்பெயினின் மன்ரேசாவில் தம்மைக் கடுமையாக வருத்தி உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்ட இஞ்ஞாசியாரே, 1548இல் பிரபுவான பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதியபோது நோன்பையும் தவமுயற்சிகளையும் குறைக்கச் சொன்னார். உடலும் கடவுளுடையது, அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தந்த காரணம். குழந்தை தெரேசா முட்கள் வைத்த சிறு இரும்புச் சிலுவையை அணிந்து நோயுற்றபின், இது தமக்கான வழியல்ல என்று புரிந்துகொண்டார்.

‘இத்தனை வாரம் ஒருசந்தி இருப்பேன்’ என்று கடவுளுக்கு நேர்ந்துகொண்டேன். இப்போது முடியவில்லை.

முதலில், அது வார்த்தைப்பாடா, வெறும் தீர்மானமா என்று பாருங்கள். வார்த்தைப்பாடு என்பது தெளிந்த மனத்தோடு, கட்டாயமின்றி, செய்யக்கூடிய ஒரு நன்மையைக் கடவுளுக்கு வாக்களிப்பது. ‘இருக்கலாம் என்று நினைத்தேன்’ என்பது தீர்மானம். அதை மாற்றினால் பாவமில்லை. உண்மையான வார்த்தைப்பாடு என்றால் அமைதியாக விட்டுவிடாதீர்கள், பங்குத்தந்தையிடம் போங்கள். நியாயமான காரணம் இருந்தால் அதிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு (1196). அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நன்மையாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் 1197ஆம் எண் இடம் தருகிறது. இனி நேரும்போது நாள், அளவு, முடிவு மூன்றையும் தெளிவாகச் சொல்லி, நோயுற்றால் விலக்கு என்பதையும் சேர்த்து நேர்ந்துகொள்ளுங்கள்.

பாஸ்காவுக்குப் பிறகு எதைத் தொடர வேண்டும்?

எல்லாவற்றையும் அல்ல. எண்கிழமையின் எட்டு நாட்களும் கொண்டாட்டத்துக்குரியவை. அவற்றில் தவக்கால முகத்தோடு இருக்காதீர்கள். விட்டிருந்த உணவுகளை நன்றியோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல. எண்கிழமை முடிந்து வரும் வெள்ளியிலிருந்து வழக்கமான வெள்ளித் தவம் மீண்டும் தொடங்குகிறது. தவக்காலத் தீர்மானங்களில் நிலைத்து நின்ற ஒன்றை, பெரும்பாலும் சிறியதாக இருந்த ஒன்றை, அந்த வெள்ளிகளுக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உறையில் சேர்ந்த பணம் இன்னும் கையில் இருந்தால் எண்கிழமை முடிவதற்குள் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.